உலர்நாள்

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் கூதிர் உலா அட்டவணையை முடித்தாக வேண்டும். பருவ மேலாண்மை வாரியத்தின் நான்காவது மாடியில் உட்கார்ந்து தில்லைநாயகி அந்த வேலையைப் பதினோரு ஆண்டுகளாகச் செய்துவந்தாள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வரும் ஒவ்வொரு சனி, ஞாயிறுக்கும் சென்னை வானம் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை உலர்ந்திருக்க வேண்டும் என்பதை அவள்தான் எழுதுவாள். கடற்கரையில் பட்டத் திருவிழா, முட்டுக்காட்டில் படகு, வேடந்தாங்கலில் பறவை பார்த்தல், ஏலகிரியில் மலைநடை, மொட்டைமாடிகளில் சோளம் சுடும் மாலைக் கூடல்கள். எல்லாம் வாரியத்தில் பதிவு பெற்ற உலாக்கள். பதிவு உலா நடக்கும் இடத்தில் ஒரு துளிகூட விழக்கூடாது என்பது சட்டம்.

வங்கக் கடலில் இருந்து ஏறிவரும் மேகங்களை நடுக்கடலிலேயே மறித்து நிறுத்தும் கருவிகளுக்கு வாரியம் முகில்மேய்ப்பான் என்று பெயர் வைத்திருந்தது. எல்லோரும் ட்ரோன் என்றுதான் சொன்னார்கள். அலுவலகத்தில் சேரும் புதியவர்களுக்கு ஐப்பசி மழை மாதமாக இருந்தது என்பதே பாடப்புத்தகச் செய்தி. அவர்களுக்கு அது பட்டம் விடும் மாதம். பகலில் இதமான வெயில், மாலையில் குளிர்ந்த காற்று, வார நாட்களில் எல்லோரும் தூங்கும் நேரத்தில் கொஞ்சம் தூறல்.

ஆனால் மேகத்தை முப்பது மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைக்க முடியாது. எங்காவது விட்டாக வேண்டும். அட்டவணையின் கடைசிப் பத்தியில் தில்லைநாயகி அதையும் நிரப்புவாள். அந்தப் பத்தியில் எழுத ஒரே ஒரு பெயர்தான் உண்டு: கொன்றைத்துறை.

கடலோரத்தில் இருந்த அந்த வட்டத்தை பதினோரு ஆண்டுகளுக்கு முன் அரசு மழை ஏற்பு வட்டமாக அறிவித்தது. அங்கே பெரிய ஏரி வெட்டினார்கள். அதில் நிரம்பும் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்கே வந்தது. வாரியத்தின் விளம்பரத்தில் அந்த ஏரியும் அதில் நிற்கும் நாரைகளும் மட்டுமே தெரியும். அங்கே பதினோராயிரம் குடும்பங்கள் இருந்தது படத்தில் வராது. பம்புகளை ஓட்ட ஆள் வேண்டும் என்பதால் அனுமதி இல்லாமல் அவர்கள் வட்டத்தை விட்டுக் குடிபெயர முடியாது. அந்தப் பதினோராயிரத்தில் ஒரு குடும்பம் தில்லைநாயகியின் அக்கா மங்கையர்க்கரசியுடையது. குடும்பம் என்றால் அவள் ஒருத்திதான். நீரேற்று நிலையத்தில் இரண்டாம் ஷிப்ட் பார்த்தாள்.

மங்கை மூன்று ஆண்டுகளாக ஒரு மனுவை அனுப்பிக்கொண்டிருந்தாள். பம்ப் குடியிருப்பைச் சேர்ந்த நூற்று நாற்பது பேர் ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் மணல்திட்டுக்கு உலா போக விரும்புகிறார்கள், ஐப்பசியில் ஒரே ஒரு ஞாயிறு, ஆறு மணி நேரம் உலர்வானம் வேண்டும். இரண்டு முறை மனு திரும்பியது. மூன்றாவது முறை தில்லைநாயகி அட்டவணையில் ஒரு இடைவெளியைக் கண்டுபிடித்துச் சேர்த்துவிட்டாள்: அன்று சென்னை உலாக்கள் ஒன்றரை மணிக்கே முடியும், தேங்கிய மேகத்தை அந்த ஒரு நாள் மட்டும் சென்னைமேலேயே விடலாம். ஏற்பு வட்டத்துக்குப் பதிவு உலா கிடையாது. உலர்நாள் அனுமதி என்ற ஒன்று மட்டும் உண்டு. ஞாயிறு காலை பத்து முதல் மாலை நான்கு வரை.

செய்தியை அக்காவிடம் சொன்னாள். மங்கை ஒன்று மட்டும் கேட்டாள்.

“மழை மட்டும் இருக்காதா, இல்ல வெயிலும் வருமா?”

வெயிலும் வரும் என்றாள் தில்லைநாயகி. நீயும் வா என்று அக்கா கூப்பிட்டாள். நான்கு ஆண்டுகளாகத் தில்லைநாயகி அங்கே போகவில்லை. கோடையில் அக்காதான் சென்னைக்கு வந்துபோவாள். போகாமல் இருந்ததற்கு வேலை ஒரு காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை பிற்பகல் பேருந்து எல்லைப் பாலத்தை நெருங்கியபோது வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பாலத்தின் நடுவில் மழை தொடங்கியது. தூறலாகத் தொடங்கிப் பெருகவில்லை. ஒரு சுவருக்குள் நுழைந்ததுபோல இருந்தது. பயணிகள் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கண்ணாடிகளை இறக்கினார்கள். அந்த மழையின் அளவு தில்லைநாயகிக்கு மனப்பாடம். இருநூற்றுப் பத்து மில்லிமீட்டர். வியாழக்கிழமை அவள் கையால் எழுதிய எண்.

அக்காவின் வீட்டில் உப்பு ஜாடி கல்லாக இறுகியிருந்தது. சுவர் பச்சையாகி உரிந்திருந்தது. மங்கையின் கால் விரல் இடுக்குகள் வெள்ளையாக வெடித்துக் கிடந்தன. தெருவில் எல்லோருக்கும் அப்படித்தான் என்றாள். மெத்தையில் உட்காரச் சொன்னபோது தில்லைநாயகியின் சேலை நனைந்தது. இந்த மெத்தை கடைசியாக எப்போது காய்ந்தது என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டாள்.

ஞாயிறு பத்து மணிக்கு மழை நின்றது. பத்தே காலுக்கு வெயில் வந்தது. இரண்டு படகுகளில் இரண்டு நடையாக எல்லோரும் மணல்திட்டில் இறங்கினார்கள். அப்போதுதான் தில்லைநாயகி கவனித்தாள். படகில் சாப்பாட்டு அண்டாக்களைவிட மற்ற சாமான்கள்தான் அதிகம். மெத்தைகள், தலையணைகள், போர்வைகள், ஒரு தையல் மிஷின், பெட்டி நிறையப் புத்தகங்கள். ஒரு பெண் பிளாஸ்டிக் உறையைப் பிரித்துத் தன் நர்சிங் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக மணலில் வைத்து, நான்கு மூலையிலும் கிளிஞ்சல் வைத்தாள். யாரும் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை. திட்டு முழுக்க அரை மணி நேரத்தில் படுக்கைகளாக விரிந்துவிட்டது.

மங்கைக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று வருஷம் மனுப் போட்டு வாங்கியது ஆடிப்பாடத்தான், வீட்டுவேலை பார்க்க இல்லை என்று சத்தம் போட்டாள். யாரும் காதில் வாங்கவில்லை. கால் மணி நேரம் முறைத்துக்கொண்டு நின்றவள், திரும்பிப் போகிற படகில் ஏறித் தன் மெத்தையையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

பிறகு விளையாட்டு தொடங்கியது. தார்ப்பாயைக் கிழித்துச் செய்த பட்டங்கள் கனமாக இருந்தாலும் ஏறின. பெண்கள் ஒரு பக்கமும் ஆண்கள் ஒரு பக்கமுமாகக் கபடி ஆடினார்கள். சிலர் ஒன்றுமே செய்யவில்லை. மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, முகத்தில் வெயிலை வாங்கிக்கொண்டு கிடந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் புளியோதரையோடு அப்பளம் போட்டார்கள். அப்பளம் நொறுங்கியது. அந்தச் சத்தம் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். கொன்றைத்துறையில் பொரித்த அப்பளம் தட்டுக்கு வருவதற்குள் நமுத்துவிடும். மங்கை நான்கு அப்பளம் தின்றாள். கடைசி அப்பளத்தை மெதுவாக, துண்டு துண்டாக ஒடித்துத் தின்றதைத் தில்லைநாயகி பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்று பத்துக்கு அவள் கைப்பேசி ஒலித்தது. வாரியத்தின் தானியங்கி அறிவிப்பு. இந்த வாரச் சென்னைப் பட்டத் திருவிழாவின் இறுதிச் சுற்று சமனில் முடிந்ததால் விழா மூன்று மணி நேரம் நீட்டிக்கப்படுகிறது. கொன்றைத்துறை உலர்நாள் அனுமதி திரும்பப் பெறப்படுகிறது. மழை விடுவிப்பு ஒன்று ஐம்பதுக்கு.

மங்கையிடம் படகுக்காரர்களைக் கூப்பிடச் சொல்லிவிட்டு மேலதிகாரி செல்வநாதனை அழைத்தாள். விவரம் சொன்னாள். இரண்டே படகுகள்தான் இருக்கின்றன. ஒரு நடைக்கு எழுபது பேர் போகலாம். போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். பாதிப் பேர் ஆற்றிலோ திட்டிலோ இருக்கும்போது மழை விழும். ஆற்றில் மேலிருந்து வரும் வெள்ளமும் சேர்ந்தால் திட்டு மூழ்கும்.

அவர் பதறவில்லை. மேகம் இருபத்தொன்பது மணி நேரமாக நிற்கிறது, இனி தாங்காது என்றார்.

“அப்ப சென்னைல கொஞ்சம் விடுங்க சார். அரை மணி நேரம் தூறல். அதுக்குள்ள இங்க எல்லாரையும் கரை சேத்துடறோம்.”

“தில்லை, பீச்ல ஒன்பதாயிரம் பேர் இருக்காங்க. பதிவு உலா. ஒரு துளி விழுந்தா நானும் நீங்களும் பதில் சொல்லணும். உங்களுக்கு நாப்பது நிமிஷம் நோட்டீஸ் குடுத்தாச்சு. அந்த விதியை எழுதினதே நீங்கதானே.”

உண்மைதான். ஆறு ஆண்டுகளுக்கு முன் அவள்தான் எழுதினாள். கடற்கரையில் இருந்து வண்டி நிறுத்தும் இடம்வரை ஒரு குடும்பம் நடந்துபோக எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டு, கூடுதலாகவே இருக்கட்டும் என்று நாற்பது நிமிடம் என்று எழுதினாள். நல்ல விதி என்று அப்போது பாராட்டினார்கள். அந்த விதியை எழுதும்போது அவள் மனதில் படகு இல்லை, ஆறு இல்லை, அக்கா இல்லை.

பிள்ளைகளும் முதியவர்களும் முதல் நடையில் போனார்கள். மீதிப் பேர் மெத்தைகளைச் சுருட்டத் தொடங்கினார்கள். ஒன்று ஐம்பதுக்கு, நிமிடம் பிசகாமல், மழை இறங்கியது. அப்போது படகுகள் திரும்பி வந்துகொண்டிருந்தன. தண்ணீர் முழங்காலுக்கு ஏறிய பிறகுதான் கடைசி ஆளைப் படகில் இழுத்துப் போட முடிந்தது. சாமான்களுக்கு இடம் இல்லை. நர்சிங் சான்றிதழ்களில் ஒன்று தண்ணீரில் மிதந்து படகின் பக்கமாகவே கொஞ்ச தூரம் வந்தது. அந்தப் பெண் கையை நீட்டினாள். எட்டவில்லை.

கரையில் எல்லோரையும் எண்ணிப் பார்த்தார்கள். நூற்று நாற்பதும் சரியாக இருந்தது. மங்கை வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, ஈரச் சேலையை மாற்றிவிட்டு இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பினாள். சென்னைக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டுமே. வாசலில் மட்டும் ஒரு கணம் நின்றாள்.

“அடிச்சிருந்தாக்கூட இவ்ளோ கோபம் வந்திருக்காதுடி. குடுத்துட்டுப் புடுங்குனீங்க பாரு.”

திங்கட்கிழமை தில்லைநாயகியின் மேசையில் நிகழ்வறிக்கைப் படிவம் இருந்தது. உயிரிழப்பு இல்லை. காயம் இல்லை. அடுத்த வரியில், பாதிப்பு என்ற இடத்தில், இல்லை என்று யாரோ முன்கூட்டியே நிரப்பி வைத்திருந்தார்கள். கையெழுத்து மட்டும் போட வேண்டும். அவள் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, தொண்ணூற்றிரண்டு மெத்தை, ஒரு தையல் மிஷின், நான்கு சான்றிதழ் என்று எழுதினாள். செல்வநாதன் படித்துப் பார்த்துச் சிரித்தார். மெத்தை எல்லாம் பாதிப்பில் வராது, ஏற்கெனவே நனைந்திருந்தவைதானே என்றார். அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே அப்படி நினைத்தார். அதைப் புரிந்துகொண்டபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கடந்த திங்கட்கிழமைவரை அவளும் அந்த மேசையில் அப்படித்தான் நினைத்திருப்பாள். அந்த நினைப்பு இன்னும் எரித்தது.

அன்று மாலை அக்காவை அழைத்தாள். முதலில் மங்கை எடுக்கவில்லை. நான்காவது அழைப்பில் எடுத்தாள். தில்லைநாயகி தன் திட்டத்தைச் சொன்னாள். ஏற்பு வட்டத்தில் பதிவு உலா நடத்த முடியாது. ஆனால் ஏற்பு வட்டத்து மக்கள் சென்னையில் பதிவு உலா நடத்தக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. இருந்திருந்தால் அதையும் அவள்தான் எழுதியிருப்பாள்.

புதன்கிழமை நாற்பது உலா விண்ணப்பங்களுக்கு நடுவில் ஒன்றைச் செருகினாள். பெயர்: உலர்த்து விழா. இடம்: கடற்கரை, பட்டத் திடலுக்குத் தெற்கே. பங்கேற்போர்: நூற்று நாற்பது. நேரம்: சனி காலை ஏழு முதல் மாலை ஆறு வரை. பொறுப்பு அலுவலர் என்ற இடத்தில் தன் பெயரையே எழுதினாள். செல்வநாதன் வழக்கம்போல் தலைப்பை மட்டும் பார்த்தார். உலர்ந்த பூ அலங்காரமா என்று கேட்டார். அந்த மாதிரிதான் சார் என்றாள். நாற்பத்தொரு கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை மூன்று பேருந்துகளில் அவர்கள் வந்து இறங்கினார்கள். வெள்ளம் வடிந்தபின் திட்டிலிருந்து மீட்டுக் கூரைமேல் கட்டியிருந்த மெத்தைகளில் இருந்து வழி நெடுகத் தண்ணீர் சொட்டியிருந்தது. எட்டு மணிக்குள் கடற்கரையில் இருநூறு முழத்துக்கு ஈர மெத்தைகள் விரிந்துவிட்டன. வெயில் ஏற ஏற நாற்றமும் ஏறியது. பதினோரு ஆண்டுப் பூஞ்சையின் நாற்றம். பட்டம் விட வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகி நடந்தார்கள். சிலர் படம் எடுத்தார்கள். விழா ஒலிபெருக்கியில் தெற்குப் பக்கம் போக வேண்டாம் என்று அறிவித்தார்கள். போலீஸ்காரர்கள் இருவர் வந்து அனுமதிச் சீட்டைக் கேட்டார்கள். தில்லைநாயகி நீட்டினாள். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, செல்லும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பதினொரு மணிபோல ஒரு பட்டம் அறுந்து மங்கையின் மெத்தைமேல் விழுந்தது. எடுக்க வந்த ஆளுக்கு நாற்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, தோளில் குழந்தை. வாரம் முழுக்க உழைத்துவிட்டு இரண்டு நாள் நிம்மதியாக இருக்க வந்தால் இதை எல்லாம் இங்கேதான் கொண்டுவந்து போட வேண்டுமா, உங்கள் ஊரில் காயவைக்க இடமா இல்லை என்று கேட்டான்.

“எங்க ஊர்ல வெயில் இல்லைங்க. அதை நீங்க எடுத்துக்கிட்டீங்க” என்றாள் மங்கை.

அவனுக்குப் புரியவில்லை. மழையை ஏரியில்தானே விடுகிறார்கள், அங்கே ஆளே கிடையாது என்றல்லவா சொன்னார்கள் என்றான். தில்லைநாயகியின் கழுத்தில் வாரியத்தின் அட்டை தொங்குவதைப் பார்த்து, நீங்களே சொல்லுங்கள் மேடம் என்று திரும்பினான். பதினோராயிரம் குடும்பம் இருக்கிறது என்று அவள் சொன்னாள். அவன் மெத்தைகளை ஒருமுறை கடைசிவரை பார்த்தான். பட்டத்தை எடுக்காமலே போய்விட்டான். சற்று நேரத்தில் அவன் குடும்பத்தோடு வண்டி நிறுத்தத்தை நோக்கி நடப்பது தெரிந்தது. அந்தக் குடும்பம் மட்டும்தான் போனது. மற்ற எண்ணாயிரத்துச் சொச்சம் பேர் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிற்பகல் மூன்றுக்குச் செல்வநாதன் அழைத்தார். கத்தினார். திங்கட்கிழமை உங்களுக்குக் கடிதம் தயாராக இருக்கும், விதியும் மாறும் என்றார். அதற்கெல்லாம் முன்னால் இப்போது ஒன்று செய்யுங்கள், மேகம் முப்பது மணியைத் தொடுகிறது, பதிவு உலாவின் பொறுப்பு அலுவலர் எங்கே விடுவது என்று உறுதி செய்ய வேண்டும், உங்கள் பெயரில்தான் திரை திறந்திருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டார்.

கைப்பேசித் திரையில் இரண்டே கட்டங்கள் இருந்தன. இந்த இடம். ஏற்பு வட்டம். பதினோரு ஆண்டுகளாக அவள் இரண்டாவது கட்டத்தை யோசிக்காமல் அழுத்தியிருக்கிறாள். இன்று விரல் முதல் கட்டத்துக்குப் போனது. இந்தக் கடற்கரை நனையட்டும். ஒன்பதாயிரம் பேரும் ஓடட்டும். ஓடி ஓடி வண்டி நிறுத்தம் எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ளட்டும்.

மங்கை அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“என்னடி பண்ற? மெத்தை இப்பதான் ஒரு பக்கம் காஞ்சிருக்கு.”

“அப்ப எங்கக்கா விடறது? இங்க இல்லைன்னா நம்ம ஊருதான்.”

மங்கை வானத்தைப் பார்த்தாள். நீலமாக இருந்தது. மெத்தைகளுக்கு நடுவில் பம்ப் குடியிருப்புப் பிள்ளைகள் அறுந்த பட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். நர்சிங் படித்த பெண் வெறும் மணலில் படுத்துத் தூங்கிவிட்டிருந்தாள்.

“அங்கயே விடு” என்றாள் மங்கை. “இன்னிக்கு நாம அங்க இல்லையே.”

தில்லைநாயகி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை, வருத்தம் இல்லை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நான்காவது மாடியில் இருக்கும் முகங்களைப் போலவே இருந்தது. அவள் இரண்டாவது கட்டத்தை அழுத்தினாள். உறுதி செய்யப்பட்டது என்று திரை சொன்னது.

மங்கை தன் மெத்தையைப் புரட்டிப் போட்டாள். உட்கார்ந்தாள். யாரோ கொடுத்த சுட்ட சோளத்தை ஒரு வரிசை கடித்தாள். பிறகு மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. எதிர்வீட்டில் லூர்து அண்ணன் இடுப்பு முறிந்து கிடக்கிறார். அவரைப் பேருந்தில் ஏற்ற முடியாது என்று விட்டுவிட்டு வந்திருந்தார்கள். கட்டிலுக்கு மேலே கூரை ஒழுகும் இடத்தில் மங்கைதான் தினமும் அண்டாவை மாற்றி வைப்பாள். இப்படி இன்னும் பத்துப் பன்னிரண்டு வீடுகளில் ஆள் இருந்தார்கள். மற்றத் தெருக்கள் முழுக்க ஆள் இருந்தார்கள்.

எழுந்தாள். பாதி ஈரமாக இருந்த மெத்தையைச் சுருட்டத் தொடங்கினாள். அவசரத்தில் கயிற்றில் முடிச்சு விழவில்லை. தில்லைநாயகி உதவப் போனாள். மங்கை அவள் கையைத் தட்டிவிட்டாள்.

“அங்கயே விடுன்னு ஒரு தடவ சொன்னதுக்கே எனக்குச் சோளம் உள்ள இறங்க மாட்டேங்குது” என்றாள். “பதினோரு வருஷம், வாரா வாரம், இத எப்படிடி சொன்ன?”